செட்டில்டு

குன்னூர்க் கிளையில் என் பெயருக்கு எதிரே
ஐந்நூற்று நாற்பத்தொன்று என்றிருந்தது.
எழுத்துத் தேர்வில் வாங்கிய மதிப்பெண் என்று
முதலில் நினைத்துக்கொண்டேன்.
"அது இல்லம்மா, இது சிபில்" என்றார்
சகாயராணி மேடம்,
திரையை என் பக்கம் திருப்பி.

பந்தலூரில் நாலரைக்கு ஏறியது.
கூடலூரில் மாறி,
நடுவட்டத்து வளைவுகளில்
பக்கத்து சீட் குழந்தையின் வாந்தியிலிருந்து
சான்றிதழ்களைக் காப்பாற்றி,
ஊட்டியில் இன்னொரு தடவை மாறி
வந்திருந்தேன்.
கேஷியர் வேலை.
கணக்கில் நான் தப்பியதில்லை என்பதற்கு
ஃபேக்டரியின் கொழுந்து எடைப் புத்தகம் சாட்சி,
ஏழு வருசம், என் கையெழுத்தில்.
அதை யாரும் கேட்கவில்லை.

கேட்டது ஒரு செல்போனைப் பற்றி.

கொரோனா வருசம்.
தம்பி கிருபாகரனுக்கு ஆன்லைன் வகுப்பு.
பன்னிரண்டாயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைவு,
பத்துத் தவணை, வட்டி கிடையாது என்று
கடை பேனரில் யாரோ ஒருத்தி சிரித்தாள்.
எங்கள் லயத்தில் சிக்னலும் கிடையாது.
தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று
அட்டை கடித்த காலோடு
பென்சீன் வளையம் வரைந்தான்.

நாலு தவணை போனது.
ஐந்தாவது மாதம் ஃபேக்டரியில் சம்பளம்
இருபத்தாறு நாள் தள்ளி வந்தது.
அந்த இருபத்தாறு நாளுக்கு
ஃபேக்டரி மேல் எந்த எண்ணும் விழவில்லை.
எனக்கு விழுந்தது:
தவணை திரும்பியதற்கு ஐந்நூற்றுத் தொண்ணூறு,
மறுபடி திரும்பியதற்கு மறுபடி ஐந்நூற்றுத் தொண்ணூறு,
பல் துலக்கும்போதே அழைப்புகள்,
அக்கம்பக்கத்து எண்ணுக்கெல்லாம் என் பெயர்.

ஒருநாள் ஒருவன் மரியாதையாகப் பேசினான்.
கோயம்புத்தூர்க் குரல்.
"மொத்தமா நாலாயிரத்தி ஐந்நூறு கட்டிருங்க மேடம்,
செட்டில் பண்ணிக்கலாங்க."
என்னை மேடம் என்ற முதல் மனிதன்.
காதுத் தோட்டை வைத்துக் கட்டினேன்.
அன்று சாயங்காலம்
ஒரு பாக்கெட் வர்க்கி வாங்கிப் பிரித்தோம்.

எங்கள் வீட்டில் செட்டில் என்பது நல்ல சொல்.
கீழ் லயத்து மோகனதாஸ் துபாயில் செட்டில்.
வசந்தமலர் திருப்பூரில் கட்டிக்கொண்டு செட்டில்.
தலைமன்னாரில் கப்பலேறி வந்த அப்பாவுக்கு
கடைசிவரை அது ஆகவில்லை.
"நீயாச்சும்" என்று தொடங்கி
அம்மா எப்போதும் முடிப்பது
அந்த ஒரு சொல்லில்தான்.

மேடம் திரையில் விரல் வைத்துக் காட்டினார்.
"க்ளோஸ்டுன்னு இருந்தா பேசிப் பார்க்கலாம்.
உங்களுக்கு செட்டில்டுன்னு இருக்கு."
"முடிஞ்சிருச்சுன்னுதானே மேடம் அர்த்தம்?"
"முழுசா கட்டலைன்னு அர்த்தம்மா."

வெளியே குட்டி ரயில் கூவியது.
மேடம் எழுந்து போய்
பணம் எடுக்கும் சீட்டொன்றின் பின்பக்கம்
ஒரு போன் நம்பரை எழுதிக் கொண்டுவந்தார்.
மீதியைக் கட்டணும், கடிதம் வாங்கணும்,
திருத்தச் சொல்லி எழுதணும்,
அடுத்த வருசம் பார்க்கலாம்.
நல்ல மனுஷி. டீ கூடச் சொன்னார்.
அடுத்த வருசம் எனக்கு இருபத்தொன்பது.
விளம்பரத்தில் இருபத்தெட்டு என்றிருந்தது.

பைக்காரா தாண்டும்போது போன் அதிர்ந்தது.
அதே கம்பெனி.
எனக்கென்றே ஐம்பதாயிரம் ரூபாய்
தயாராக இருக்கிறதாம்,
காகிதமே வேண்டாமாம்.
அழித்தேன். அம்மா கூப்பிட்டாள்.
"என்னடி, செட்டில் ஆயிருச்சா?"
"ஆயிருச்சும்மா.
நாலு வருசத்துக்கு முன்னாடியே."
வண்டி சத்தத்தில் அவளுக்கு
முதல் சொல் மட்டும் கேட்டிருக்க வேண்டும்.
யாரையோ கூப்பிட்டுச் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

மறுநாள் மழை. கொழுந்து கனத்தது.
அமுதவல்லி அக்காவின் சாக்கு
தராசில் பதினெட்டு காட்டியது.
"ஈரத்துக்கு ரெண்டு கழி" என்றார் மேஸ்திரி,
ஏழு வருசமாகச் சொல்வதுபோல.
பேனா ஒரு நிமிடம் நின்றது.
பதினாறு என்று எழுதினேன்.
அக்கா தராசைப் பார்க்கவில்லை,
என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.